மின்திறன் அமைப்பின் பகுப்பாய்வு, இயக்கவியல், கட்டுப்பாடு: முதுநிலைப் படிப்பை அணுகும் முறை

மின்பாதை ஒன்றை மின்னல் தாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எழும் மின்னழுத்த அலை சில நூறு மைக்ரோநொடிகளில் பல பத்துக் கிலோமீட்டர்களைக் கடந்துவிடுகிறது. ஃபால்ட்டை, அதாவது பாதையில் நேர்ந்த மின்பழுதை, ரிலே என்ற காப்புக் கருவி உணர்ந்து, பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்து முடிய ஏறத்தாழ 100 மில்லிநொடி ஆகிறது. அந்த இடைவெளியில் அருகிலுள்ள ஜெனரேட்டர்களின் சுழலும் பகுதிகளான ரோட்டர்கள் வேகமெடுத்து, ஃபால்ட் நீங்கிய பின் நொடிக்கு ஓரிரு முறை என்ற வீதத்தில் ஊசலாடுகின்றன. டர்பைனின் வேகத்தைக் காக்கும் கவர்னர்கள் சில நொடிகளில் நீராவியையோ நீரையோ கூட்டிக் குறைக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மர்களின் மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் டேப் சேஞ்சர்கள் அரை நிமிடம் அளவுக்குப் பொறுத்துத்தான் அசைகின்றன. அதிர்வெண்ணை மீண்டும் சரியாக 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கொண்டுவந்து நிறுத்தக் கட்டுப்பாட்டு மையத்துக்குப் பல நிமிடங்கள் ஆகலாம். நடந்தது ஒரே நிகழ்வு. அதை விளக்கும் சமன்பாடுகளோ, நாம் எந்தக் கால அளவில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து முற்றிலும் மாறிவிடுகின்றன.

இந்தத் துறையில் முதுநிலைப் பட்டமோ முனைவர் பட்டமோ படிக்க வருபவர் முதல் நாளிலிருந்தே பழகிக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் பார்க்கும் நிகழ்வு எந்தக் கால அளவைச் சேர்ந்தது? அதைவிட வேகமாக நடப்பவை எல்லாம் ஏற்கெனவே அடங்கிவிட்டன என்றும், அதைவிட மெதுவாக நடப்பவை எல்லாம் அசையாமல் நிற்கின்றன என்றும் கொண்டுதான் ஒவ்வொரு மாதிரியும் எழுதப்படுகிறது. ரோட்டரின் ஊசலை ஆராயும்போது மின்பாதைகளின் மின்காந்த மாற்றங்களை விட்டுவிட்டு அவற்றை வெறும் இயற்கணிதச் சமன்பாடுகளாக எழுதுவதும், டேப் சேஞ்சரை அசையாததாகக் கொள்வதும் இதனால்தான். பாடங்களைத் தனித்தனியாகப் படித்துத் தேர்வெழுதுபவருக்கு லோடு ஃப்ளோ (வலையமைப்பெங்கும் மின்னழுத்தத்தையும் மின்திறன் ஓட்டத்தையும் கணக்கிடுவது) ஒரு தாளாகவும், நிலைப்புத்தன்மை இன்னொரு தாளாகவும், கட்டுப்பாடு மூன்றாவது தாளாகவும் தெரியும். மேற்கண்ட கேள்வியைக் கையில் வைத்திருப்பவருக்கு அவை மூன்றும் ஒரே பொருளை மூன்று தொலைவிலிருந்து பார்ப்பதாகத் தெரியும்.

சேரும் முன்

கணிதத்தில் நான்கு பகுதிகள் உறுதியாக இருக்க வேண்டும். நேரியல் இயற்கணிதத்தில் ஐகென் மதிப்பு, ஐகென் திசையன் ஆகியவற்றின் பொருள் புரிந்திருக்க வேண்டும்; கணக்கிடத் தெரிவது மட்டும் போதாது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் நேரியலற்ற ஒரு சமன்பாட்டைச் சமநிலைப் புள்ளியைச் சுற்றி நேரியலாக்கத் தெரிந்திருக்க வேண்டும். கலப்பெண்களும், மாறுமின் அலைகளை அவற்றால் குறிக்கும் ஃபேஸர்களும் தாய்மொழி போல வர வேண்டும். நான்காவதாக, எண்முறைக் கணிதம்: நியூட்டன் முறை ஏன் குவிகிறது, எப்போது குவியாது, ட்ரபீசாய்டல் முறையில் காலப் படியைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பவை. உகப்பாக்கமும் நிகழ்தகவும் பிற்பாடு தேவைப்படும். அவற்றைப் படிப்பினிடையே கற்றுக்கொள்ளலாம்.

எல்லா அளவுகளையும் ஓர் அடிப்படை அளவின் விகிதமாக எழுதும் பெர் யூனிட் முறையைப் பலர் எளிதென்று எண்ணித் தாண்டிப் போகிறார்கள். என் முதலாண்டில் நானும் அப்படித்தான் போனேன். 500 எம்விஏ அளவுள்ள ஓர் இயந்திரத்தின் ரியாக்டன்ஸை 100 எம்விஏ பொது அடிப்படைக்கு மாற்றிய நான், அதன் நிலைம மாறிலியை (சுழலும் ரோட்டரில் சேர்ந்திருக்கும் ஆற்றலை எம்விஏ அளவால் வகுத்தது) மாற்ற மறந்துவிட்டேன். 25 நொடி என்று இருக்க வேண்டிய இடத்தில் 5 நொடி என்றே இருந்தது. நிலைமம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததால் ஊசலின் அதிர்வெண் ஐந்தின் வர்க்கமூலம், அதாவது சுமார் 2.24 மடங்கு, கூடிவிட்டது; 1.1 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் 2.5 ஹெர்ட்ஸ் வந்தது. வரைபடம் அழகாகவும் நிலையாகவும் இருந்ததால் சந்தேகமே எழவில்லை. இல்லாத அந்த ஊசலைத் தணிப்பதற்காக இரண்டு வாரம் நிலைப்படுத்தியின் அளவுகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று முதல் எந்தத் தரவுக் கோப்பைத் திறந்தாலும் முதலில் நான் தேடுவது, ஒவ்வொரு எண்ணும் எந்த அடிப்படையில் தரப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

லோடு ஃப்ளோவைச் சொந்தமாக எழுதுதல்

முதல் பருவத்திலேயே நியூட்டன்-ராஃப்சன் லோடு ஃப்ளோ நிரல் ஒன்றை வெற்றுக் கோப்பிலிருந்து எழுதுங்கள். ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருளை அதற்குப் பிறகு தொடுங்கள். 1967இல் டின்னியும் ஹார்ட்டும் இம்முறையைப் பெரிய வலையமைப்புகளுக்குப் பயன்படும் வடிவில் வெளியிட்டபோது, அதைச் சாத்தியமாக்கியது பஸ் எனப்படும் இணைப்பு முனைகளின் அட்மிட்டன்ஸ் அணியின் வெறுமையை, அதாவது அதன் பெரும்பாலான இடங்கள் பூச்சியமாக இருப்பதை, பயன்படுத்திக்கொண்ட கணக்கீட்டு ஒழுங்குதான். மின்பொறியாளர் சங்கமான ஐட்ரிப்பிள்இயின் பெயரால் வழங்கும் 118 பஸ் சோதனை அமைப்பை எடுத்துக்கொண்டால், அந்த அணியில் 13,924 இடங்கள் உண்டு. பூச்சியமல்லாத உறுப்புகளோ ஐந்நூறுக்கும் குறைவு. இதை உங்கள் நிரலில் கண்ணால் பார்த்துவிட்டால், பத்தாயிரம் பஸ் கொண்ட அமைப்பை ஒரு சாதாரணக் கணினி எப்படிச் சில நொடிகளில் தீர்க்கிறது என்பது விளங்கிவிடும்.

அதற்கும் முன்பாக, இரண்டே பஸ் கொண்ட ஓர் அமைப்பைக் காகிதத்தில் தீர்க்க வேண்டும். ஒரு முனையில் மின்னழுத்தம் 1.0 பெர் யூனிட், நடுவே 0.2 பெர் யூனிட் ரியாக்டன்ஸ் கொண்ட, இழப்பற்ற ஒரு பாதை. மறுமுனையில் ரியாக்டிவ் பவர் எதுவும் கேட்காத 1.0 பெர் யூனிட் சுமை. சுமை முனையின் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மாறியாகக் கொண்டால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தீர்வுகள் இரண்டு: மின்னழுத்தம் 0.979 என்பது ஒன்று, 0.204 என்பது மற்றொன்று. இரண்டும் கணிதப்படி சரியானவை. ஆனால் எந்த அமைப்பும் இரண்டாவதில் இயங்காது. உங்கள் நிரலை 1.0 என்ற தொடக்க மதிப்பிலிருந்து ஓட்டினால் முதலாவது வரும், 0.2க்கு அருகே தொடங்கினால் இரண்டாவது வந்து நிற்கும், நிரலும் குவிந்துவிட்டதாகவே அறிவிக்கும். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு தீர்வுகளும் ஒன்றையொன்று நெருங்கி, 2.5 பெர் யூனிட் சுமையில், 0.707 மின்னழுத்தத்தில் சந்திக்கும். அதற்கு மேல் தீர்வே இல்லை. மின்னழுத்தச் சரிவு பற்றிய பாடம் முழுவதற்கும் விதை இந்த ஒரு பக்கக் கணக்கில் இருக்கிறது. சுமைக்கு எதிராக மின்னழுத்தத்தைக் காட்டும் பி-வி வளைவின் மூக்கு என்று நூல்கள் வரையும் புள்ளி இதுவே.

பிறகு 14 பஸ் அமைப்புக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மிஞ்சும் பிழையை அச்சிட்டுப் பாருங்கள். தீர்வை நெருங்கும்போது அது 0.1, 0.01, 0.0001, 0.00000001 என்பது போல வர்க்க வேகத்தில் சுருங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ மட்டும் குறைந்துகொண்டு போனால் விடை சரியாகவே வரலாம். ஆயினும் நியூட்டன் முறையின் பகுதி வகைக்கெழுக்களைக் கொண்ட ஜகோபியன் அணியின் ஏதோ ஓர் உறுப்பைத் தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். ஜெனரேட்டர்களின் ரியாக்டிவ் பவர் எல்லையைச் சேர்க்கும்போது இன்னொரு பாடம் காத்திருக்கிறது. எல்லையை எட்டிய பஸ் தன் மின்னழுத்தத்தைக் காக்கும் ஆற்றலை இழந்து சாதாரணச் சுமைப் பஸ் போல ஆகிவிடுகிறது. எத்தனையோ மின்னழுத்தச் சரிவுகளில் முதல் அடி இப்படித்தான் எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் முடிந்த பின் மேட்பவர், பாண்டாபவர் போன்ற திறந்த மென்பொருள்களுடன் உங்கள் விடையை நான்கு தசம இடம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரோட்டரின் ஊசல்

ஒத்திசை இயந்திரத்தின் முழு மாதிரியைப் படிக்கத் தொடங்கும்போது பெரும்பாலானோர் மலைத்துப்போகிறார்கள். ஸ்டேட்டரின் மூன்று சுருள்களும் ரோட்டரின் சுருள்களும் ஒன்றையொன்று கடந்து சுழல்வதால் தூண்டல்கள் அனைத்தும் கோணத்தோடு மாறிக்கொண்டே இருக்கின்றன. 1929இல் பார்க் வெளியிட்ட உருமாற்றம் நம்மை ரோட்டரின் மேல் ஏற்றி உட்காரவைத்து அங்கிருந்து பார்க்கச் சொல்கிறது; அங்கிருந்து பார்த்தால் தூண்டல்கள் மாறிலிகளாகிவிடுகின்றன. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு சமன்பாடுகளை ஒரு முறை முழுமையாகக் கையால் வருவித்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு முறையைத் தவிர்த்தவர்கள் பிற்காலத்தில் மென்பொருள் கேட்கும் இருபது அளவுருக்களில் எது எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முழு மாதிரிக்கு முன்பு எளிய மாதிரியில் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் ஒரு ஜெனரேட்டர். நிலைம மாறிலி 5 நொடி. டிரான்சியன்ட் ரியாக்டன்ஸும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து 0.3 பெர் யூனிட். அங்கிருந்து எல்லையற்ற பஸ்ஸுக்கு (எது நடந்தாலும் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் மாறாத மிகப் பெரிய அமைப்பு) இணையாக இரண்டு பாதைகள், ஒவ்வொன்றும் 0.6. உள் மின்னழுத்தம் 1.2, எல்லையற்ற பஸ்ஸில் 1.0. மொத்த ரியாக்டன்ஸ் 0.6 ஆவதால் அனுப்பக்கூடிய உச்சத் திறன் 2.0. இயந்திரம் 0.8 அளவில் ஓடுகிறது. எனவே அதன் கோணம் 23.6 பாகை. பாதைகள் தொடங்கும் பஸ்ஸில் மும்முனை ஃபால்ட் ஏற்பட்டால் வெளியேறும் மின்திறன் பூச்சியமாகிறது. டர்பைன் தரும் 0.8 முழுவதும் ரோட்டரை முடுக்குவதற்கே போகிறது.

ஃபால்ட் தானாக நீங்கி இரண்டு பாதைகளும் பிழைத்துக்கொண்டால், ரோட்டரை முடுக்கும் பரப்பும் தடுக்கும் பரப்பும் சமமாக வேண்டும் என்னும் சமப்பரப்பு விதிப்படி கோணம் 89.4 பாகையை எட்டும் முன் ஃபால்ட் நீங்கிவிட வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் 0.30 நொடி. ஃபால்ட்டை நீக்குவதற்காக ஒரு பாதையைத் துண்டிக்க நேர்ந்தால் கதை வேறு. ரியாக்டன்ஸ் 0.9 ஆகி உச்சத் திறன் 1.33க்கு இறங்குகிறது, எல்லைக் கோணம் 63.1 பாகை, கிடைக்கும் நேரம் 0.23 நொடி. ஃபால்ட்டின் போது இயந்திரம் முடுக்கப்படும் விதம் இரண்டு நிலைகளிலும் ஒன்றுதான். அதன் பின் எஞ்சியிருக்கும் வலையமைப்பு எவ்வளவு வலிமையானது என்பதே அந்த 70 மில்லிநொடி வேறுபாட்டைத் தீர்மானித்திருக்கிறது. பாதுகாப்பு ரிலேக்களைப் படிப்பவருக்கு இந்த எண்ணின் மதிப்பு உடனே விளங்கும்: முதன்மைப் பிரேக்கர் திறக்காமல் போய், பின்காப்பு இயங்கி அடுத்த பிரேக்கர் திறப்பதற்குள் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் 0.2, 0.3 நொடி என்ற இந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டியிருக்கிறது.

அதே எண்களை வைத்தே சிறு அலைவையும் பார்த்துவிடலாம். தொடக்க நிலையில் இந்த ரோட்டர் 1.21 ஹெர்ட்ஸில் ஊசலாடும். ஒரு பாதை போன பின் 0.92 ஹெர்ட்ஸில் ஊசலாடும். வலையமைப்பு தளரத் தளர ஊசல் மெதுவாகிறது. இந்தக் கணக்குகளை முடித்துவிட்டு ஒரு சிறு நிரலில் ஊசல் சமன்பாட்டைத் தொகையிட்டு, இரண்டு பாதைகளும் பிழைக்கும் நிலையில் 0.29 நொடியிலும் 0.31 நொடியிலும் ஃபால்ட்டை நீக்கிப் பாருங்கள். முதலாவதில் கோணம் மிக உயரம் ஏறி, தயங்கி, திரும்பி வரும். இரண்டாவதில் அதே இடம் வரை ஏறி, சற்றே நின்றாற்போலத் தோன்றி, பின் திரும்பாமல் போய்விடும். அந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நேரியலற்ற அமைப்பில் எல்லை என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஐகென் மதிப்புகளும் 1996 ஆகஸ்டும்

பல இயந்திரங்கள் சேர்ந்த அமைப்பில் ஒவ்வோர் ஊசலுக்கும் தனி முகம் உண்டு. ஓர் இயந்திரம் மற்றவற்றை எதிர்த்து ஆடுவது பெரும்பாலும் 1 முதல் 2 ஹெர்ட்ஸில் நிகழும். ஒரு பகுதியின் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தொலைவிலுள்ள இன்னொரு பகுதியை எதிர்த்து ஆடுவது 0.1 முதல் 0.8 ஹெர்ட்ஸ் வரை நிகழும். இதைக் கற்க, இரண்டு பகுதிகளும் நான்கு ஜெனரேட்டர்களும் கொண்ட, எல்லோரும் பயன்படுத்தும் சோதனை அமைப்பே போதும். நேரியலாக்கி ஐகென் மதிப்புகளைக் கணக்கிட்டால் அரை ஹெர்ட்ஸைச் சற்றே தாண்டிய ஓர் ஊசல் தணிப்புக் குறைவாக நிற்பதைக் காண்பீர்கள். வலது, இடது ஐகென் திசையன்களைப் பெருக்கிப் பங்களிப்புக் காரணிகளைக் கணக்கிட்டால் எந்த இயந்திரத்தின் எந்த நிலை மாறி அதில் ஈடுபடுகிறது என்பது தெரியும். இங்கே ஒரு பயனுள்ள சோதனை உண்டு. தானியங்கி மின்னழுத்தச் சீராக்கியின் பெருக்கத்தை உயர்த்திக்கொண்டே போய், ஐகென் மதிப்பு வலப்பக்கம், அதாவது நிலையின்மையை நோக்கி, நகர்வதைப் பாருங்கள். முதல் ஊசலில் இயந்திரத்தைக் காப்பாற்ற உதவும் அதே வேகமான சீராக்கி, அடுத்தடுத்த ஊசல்களில் தணிப்பைத் தின்றுவிடக்கூடும். 1969இல் டி மெல்லோவும் கான்கார்டியாவும் இதை விளக்கிய பிறகே, இழந்த தணிப்பை மீட்டுத் தரும் பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசரின் வடிவமைப்பு உறுதியான அடித்தளத்தில் நின்றது.

ஆனால் ஐகென் மதிப்பை அப்படியே நம்பிவிட வேண்டாம். 1996 ஆகஸ்ட் 10 அன்று வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி வலையமைப்பில் சுமார் 0.25 ஹெர்ட்ஸ் ஊசல் ஒன்று தணியாமல் வளர்ந்துகொண்டே போய், அமைப்பு நான்கு தீவுகளாக உடைந்தது. சுமார் 75 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரத்தை இழந்தார்கள். நிகழ்வுக்குப் பிறகு, அப்போது திட்டமிடலுக்குப் பயன்பட்ட மாதிரிகளை வைத்து அதையே கணினியில் ஓட்டிப் பார்த்தபோது, ஊசல் நன்றாகத் தணிந்து அமைப்பு நிலையாக இருப்பதாகவே விடை வந்தது. அளவீட்டுப் பதிவில் வளர்ந்துகொண்டே போகும் அலை. கணினித் திரையில் அடங்கிப் போகும் அலை. சுமைகளையும் ஜெனரேட்டர் கட்டுப்பாடுகளையும் குறிக்கும் மாதிரிகளைத் திருத்திய பிறகே இரண்டும் பொருந்திவந்தன. இந்த இரண்டு வரைபடங்களையும் தேடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்டுக்கொள்வேன். மாதிரி சரிபார்ப்பு என்பது ஏன் ஒரு தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அதிர்வெண்ணும் மேலடுக்குக் கட்டுப்பாடும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கருத்துகள் குறைவு, எண்கள் எளியவை. 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் சராசரி நிலைம மாறிலி 5 நொடியாக இருக்கும்போது உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு திடீரென்று போனால், அதிர்வெண் முதலில் நொடிக்கு 0.5 ஹெர்ட்ஸ் வேகத்தில் விழும். நிலைமம் பாதியானால் வேகம் இரட்டிக்கும். 5 சதவீத ட்ரூப் (அதிர்வெண் 5 சதவீதம் விழுந்தால் முழுத் திறனையும் கூட்டும் அமைவு) கொண்ட கவர்னர், 0.1 ஹெர்ட்ஸ் வீழ்ச்சிக்குத் தன் முழுத் திறனில் 4 சதவீதத்தைக் கூட்டித் தரும். ட்ரூப் மட்டும் இருந்தால் அதிர்வெண் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும், பழைய இடத்துக்கு வராது, வரவைப்பது கட்டுப்பாட்டு மையத்தின் தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாடான ஏ.ஜி.சி.யின் தொகையீட்டுக் கட்டுப்பாடு. நிலைமம், கவர்னர், ஏ.ஜி.சி. என்ற இந்த மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பல மடங்கு மெதுவாக இயங்குவதே. தொடக்கத்தில் சொன்ன கேள்வி இங்கே வடிவமைப்பு விதியாகவே மாறிவிடுகிறது.

கட்டுப்பாட்டு மையத்தின் கண்ணாக இருப்பது ஸ்டேட் எஸ்டிமேஷன். 1970இல் ஷ்வெப்பே முன்வைத்த இந்த முறை, பிழைகளோடு வந்துசேரும் ஆயிரக்கணக்கான அளவீடுகளிலிருந்து அமைப்பின் மிகப் பொருத்தமான நிலையைக் கணிக்கிறது. 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவின் வடகிழக்கில் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரத்தை இழந்த நிகழ்வில், மேற்பார்வை மையம் ஒன்றின் எஸ்டிமேட்டர் பிற்பகலின் பெரும்பகுதியில் உதவவில்லை. துண்டிக்கப்பட்டிருந்த ஒரு பாதை மாதிரியில் இணைந்திருப்பதாகவே இருந்ததால் விடை பொருந்தவில்லை. தவறைத் தேடிச் சரிசெய்வதற்காகத் தானாக ஓடும் வசதியை நிறுத்திய ஊழியர், சரிசெய்த பின் அதை மீண்டும் இயக்க மறந்துவிட்டார். எஸ்டிமேஷனைப் படிக்கும்போது எடையிட்ட மிகக்குறை வர்க்கக் கணக்கோடு நிறுத்திவிடாமல், வலையமைப்பின் இணைப்பு நிலையில் தவறிருந்தால் என்ன ஆகும் என்பதையும் உங்கள் 14 பஸ் நிரலில் செய்து பாருங்கள்.

இன்வர்ட்டர்கள் வந்த பின்

காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் மின்கலங்களும் பெரும்பாலும் நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இன்வர்ட்டர் வழியாக வலையமைப்பில் சேர்கின்றன. இன்றைய மாணவருக்குக் கிடைத்திருக்கும் வளமான நிலம் இதுதான். அதே சமயம் பழைய கருவிகளை யோசிக்காமல் பயன்படுத்தினால் ஏமாற்றும் நிலமும் இதுவே. இன்வர்ட்டரின் மின்னோட்டக் கட்டுப்பாடு சில மில்லிநொடிகளில் இயங்குகிறது. மின்பாதைகளின் மின்காந்த மாற்றங்களும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் நடக்கின்றன. அவை ஏற்கெனவே அடங்கிவிட்டன என்று கொண்டு எழுதிய ஃபேஸர் மாதிரி அங்கே தன் அடித்தளத்தையே இழந்துவிடுகிறது. 2004இல் வெளியான நிலைப்புத்தன்மை வகைப்பாட்டில் ரோட்டர் கோணம், மின்னழுத்தம், அதிர்வெண் என்று மூன்று பிரிவுகளே இருந்தன. பின்னர் திருத்தியபோது ரெசொனன்ஸ், கன்வர்ட்டர்வழி நிலைப்புத்தன்மை என்று இரண்டைச் சேர்க்க நேர்ந்தது இதனால்தான்.

எனவே படிப்பின் இரண்டாம் ஆண்டுக்குள் இரு வகைக் கணினி ஆய்வையும் கற்றுக்கொள்ளுங்கள்: ஃபேஸர் அடிப்படையிலான நிலைப்புத்தன்மை ஆய்வு ஒன்று, பி.எஸ்.கேட் போன்ற மென்பொருள் செய்யும் மின்காந்த மாறுநிலை ஆய்வு மற்றொன்று. ஒரே இன்வர்ட்டரை, ஒரே ஃபால்ட்டை, இரண்டிலும் ஓட்டுங்கள். வலுவான வலையமைப்பில் இரண்டு விடைகளும் ஒத்துப்போகும். இணைப்புப் பாதையின் ரியாக்டன்ஸைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஏதோ ஒரு கட்டத்தில் மின்காந்த ஆய்வில், வலையமைப்பின் கோணத்தைப் பின்தொடரும் பேஸ்-லாக்டு-லூப் தன் கோணத்தைத் தவறவிட்டுத் தள்ளாடத் தொடங்கும், ஃபேஸர் ஆய்வோ ஒன்றும் நடக்காதது போல அமைதியாக இருக்கும். அந்தக் கட்டம் எது என்று கண்டறிந்து எழுதிவைத்தாலே ஒரு நல்ல முதுநிலைத் திட்டப்பணி உருவாகிவிடும். வலையமைப்பின் கோணத்தைப் பின்தொடராமல் தானே மின்னழுத்தத்தை உருவாக்கும் கிரிட்-ஃபார்மிங் இன்வர்ட்டர்களை இதன் பிறகு படித்தால், அவை எந்தக் குறையைத் தீர்க்க வந்தன என்பது விளங்கும். ஃபால்ட்டின் போது மின்னோட்ட எல்லையை எட்டியதும் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்ற கடினமான கேள்வியும் கண்ணில் படும்.

மாதிரியில் இல்லாத ஒன்று அமைப்பையே வீழ்த்தலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. புயலில் பாதைகள் அறுந்து, ஓரிரு நிமிடங்களில் மின்னழுத்தம் அடுத்தடுத்துத் தாழ்ந்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இத்தகைய தாழ்வு நேர்ந்தால் உற்பத்தியைக் குறைக்கும்படி பல காற்றாலைகளின் பாதுகாப்பு அமைப்பில் ஓர் எல்லை வைக்கப்பட்டிருந்தது. வலையமைப்பை இயக்குபவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. 456 மெகாவாட் சில நொடிகளில் குறைந்தது. அந்தச் சுமை முழுவதும் அண்டை மாநிலத்துடனான இணைப்பின் மேல் விழுந்து, அதுவும் துண்டிக்கப்பட்டது. ஆயிரம் பக்கச் சமன்பாடுகளில் இல்லாத ஒற்றை எண் அது.

ஆய்வுப் பொருளும் ஆய்வேடும்

ஆய்வுப் பொருளைத் தேடும்போது ஆய்வுக் கட்டுரைகளுக்கு முன்பு பெரும் மின்தடைகளின் விசாரணை அறிக்கைகளை வாசிக்கப் பரிந்துரைக்கிறேன். மேலே சொன்ன மூன்றோடு, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதியைப் பாதித்த 2012 ஜூலை 31 இந்திய மின்தடை, 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியது ஆகியவற்றின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. ஒவ்வொன்றையும் நொடி வரிசையில் வாசித்து, அந்தந்த நொடியில் எந்த மாதிரி பொருந்தும் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போங்கள். எந்த மாதிரியும் பொருந்தாத இடம் ஒன்று நிச்சயம் வரும். நல்ல ஆய்வுக் கேள்விகள் அங்கேதான் இருக்கின்றன.

கட்டுரைகளைப் பொறுத்தவரை, ஐம்பதை மேலோட்டமாக வாசிப்பதைவிட ஒன்றை எடுத்து அதன் வரைபடங்களை உங்கள் கணினியில் மீண்டும் உருவாக்குவது பயன் மிகுந்தது. பெரும்பாலும் முதல் முயற்சியில் வராது. ஏதோ ஓர் அளவுரு சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கும், அல்லது சுமை நிலையான திறனா நிலையான மின்மறிப்பா என்பது மறைந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பும் உழைப்பில்தான் கட்டுரையின் உண்மையான எடுகோள்கள் வெளிப்படுகின்றன. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதும், அவரிடம் முன்பு படித்த மாணவர்களிடம் நிரல்களையும் தரவுகளையும் அடுத்தவருக்கு ஒப்படைக்கும் பழக்கம் அந்தக் குழுவில் உண்டா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் ஒவ்வொரு மாணவரும் அதே முதல் ஆறு மாதத்தை மீண்டும் செலவிட வேண்டியிருக்கும்.

இயந்திரக் கற்றலை இதில் புகுத்த விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. கற்பிக்கும் தரவு கணினி ஆய்விலிருந்து வந்திருந்தால், உங்கள் வலை கற்றுக்கொண்டது மாதிரியைத்தான், மின் அமைப்பை அல்ல. 1996க்கு முந்தைய மாதிரிகளில் பயிற்சி பெற்ற எந்த வலையும் ஆகஸ்ட் 10 ஊசல் தணியும் என்றே சொல்லியிருக்கும்.

ஆய்வேட்டுக்காகக் கணினி ஆய்வுகளை ஓட்டும்போது மூன்று சோதனைகளை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. முதலில், எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் 20 நொடி ஓட்டுங்கள். எல்லாக் கோடுகளும் நேராகக் கிடக்க வேண்டும். சிறிதளவு சாய்ந்தாலும் தொடக்க நிலைக் கணக்கில் தவறிருக்கிறது, அதன் மேல் கட்டும் எதுவும் நிற்காது. அடுத்து, காலப் படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டுங்கள். விடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அமைப்பை அல்ல, எண்முறையின் பிழையை. மூன்றாவதாக, சிறு தொந்தரவு ஒன்றைக் கொடுத்து, கால வரைபடத்தில் தெரியும் ஊசலின் அதிர்வெண்ணும் தணிப்பும் ஐகென் மதிப்போடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நேரியலாக்கமும் காலத் தொகையீடும் தனித்தனி நிரல்கள். இரண்டும் ஒரே விடையைத் தந்தால் இரண்டிலும் அதே தவறு இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இந்த மூன்றின் முடிவுகளையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், பயன்படுத்திய எல்லா அளவுருக்களோடும் அவற்றின் எம்விஏ அடிப்படையோடும் சேர்த்து அச்சிடுங்கள்.